ஃப்ளோரன்ஸ் போகிறவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள்

ரோமுக்கும் வெனிஸுக்கும் நடுவே ஃப்ளோரன்ஸுக்கு அரை நாள் ஒதுக்குவதுதான் முதல் தவறு. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம்தானே, எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும். அந்த அரை நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் போச்சு. உஃபிஸி, அக்காதெமியா என்ற முக்கியமான இரண்டு கலை அருங்காட்சியகங்களுமே அன்று மூடியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு இவற்றில் அனுமதி இலவசம் என்று கேள்விப்பட்டு அதற்கேற்பத் தேதி குறிப்பவர்களும் உண்டு. அன்று முன்பதிவு கிடையாது. மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டும். இரண்டு இரவு தங்குங்கள். கிழமையைப் பார்த்த பிறகே மற்றதை முடிவு செய்யுங்கள்.

ரயில் டிக்கெட்டில் இறங்கும் நிலையம் ஊர் நடுவே உள்ள சாந்தா மரியா நொவெல்லாதானா என்று பாருங்கள். சில ரயில்கள் காம்போ தி மார்த்தேயிலோ ரிஃப்ரெதியிலோ மட்டும் நிற்கும். பெட்டியோடு அங்கே இறங்கினால் ஊருக்குள் வர இன்னொரு ரயிலோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது டுவோமோ பேராலய வளாகத்தில். பேராலயத்துக்குள் போகக் கட்டணமில்லை, அதனால் முன்பக்கம் நீண்ட வரிசை. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பிய அதன் குவிமாடத்தில் ஏறுவது தனி விஷயம்: அதற்குத் தனி டிக்கெட், குறித்த நேரம், வடக்குப் பக்கம் வேறு வாசல். கையில் குவிமாட டிக்கெட்டை வைத்துக்கொண்டு முன்பக்க வரிசையில் நின்று நேரத்தைத் தவறவிடுகிறார்கள். தவறிய நேரத்துக்கு மாற்று கேட்டால் கிடைக்காது. 463 படிகள், லிஃப்ட் இல்லை, படிக்கட்டு குறுகல். பாதியில் திரும்புவதும் எளிதல்ல. மூட்டுவலி உள்ளவர்களையும், இடுக்கில் மூச்சு முட்டும் என்பவர்களையும் கீழேயே விட்டுச் செல்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பெரிய பையோடு ஏற விடமாட்டார்கள்.

அதே டிக்கெட்டில் பேராலய அருங்காட்சியகமும் சேர்த்தி. பலர் அதைச் சீந்துவதே இல்லை. பேராலயத்துக்கு எதிரே ஞானஸ்நானக் கூடத்தின் தங்கநிறக் கதவுகள் முன்னால் கூட்டம் படம் எடுத்துக் குவிக்கும், அவை நகல்கள். கிபெர்த்தி செய்த அசல் கதவுகள் இருப்பது அருங்காட்சியகத்துக்குள். தொனாத்தெல்லோவின் மரச்சிற்பமான மக்தலேனாவும் அங்கேதான்.

மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையிலும் இதே குழப்பம். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்பது நகல். அசல் 1873-இல் அக்காதெமியாவுக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒரு அவசரம்: கூடத்தின் கடைசியில் 5.17 மீட்டர் உயரத்தில் தாவீது தெரிந்ததுமே ஓட்டம். வழியின் இருபுறமும் மிக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட 'கைதிகள்' சிலைகள் நிற்கின்றன. பாதி உடல் பாறைக்குள்ளேயே இருக்கும். உளித்தடம் வரிவரியாகத் தெரியும். சிற்பி கல்லை எந்தப் பக்கத்திலிருந்து குடைந்தார் என்று கண்கூடாகக் காணலாம். தாவீதைவிட இவை கற்றுத் தருவது அதிகம்.

உஃபிஸியில் சுற்று மேல்மாடியில் தொடங்கிக் கீழிறங்கும். மேலே போத்திச்செல்லியின் ஓவிய அறைகளிலேயே தெம்பெல்லாம் தீர்ந்து, கீழே கரவாஜ்ஜியோ வரைந்த மெதூசாவைக் கடக்கும்போது கண் வாசலைத் தேடும். காலையில் முதல் நேரத்துக்குப் பதிவு செய்து, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் அக்காதெமியாவை இதோடு ஒட்டாதீர்கள். இணையத்தில் தேடியதும் மேலே வரும் விற்பனைத் தளம் பெரும்பாலும் இடைத்தரகருடையது. விலை அநியாயத்துக்கு ஏறியிருக்கும். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் எடுங்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு: பழைய நகருக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். யாரும் வழிமறிக்க மாட்டார்கள். மாதங்கள் கழித்து அபராதம் வரும், அதன் மேல் கார் நிறுவனத்தின் கட்டணம் தனி. வழிகாட்டிச் செயலி சொல்கிறதே என்று நுழையாதீர்கள். ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே வில்லா கொஸ்தான்சா வாகன நிறுத்தத்துக்குப் போக வழி உண்டு. அங்கே வண்டியை விட்டுவிட்டு டி1 டிராமில் ஊருக்குள் வாருங்கள்.