கை தில்லியில், பஞ்சாங்கம் ஊரில்: பால்கனித் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசியில் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். திரும்பும்போது அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து வேர் பிடித்த மல்லிப் பதியன் நான்கை ஈரச் சாக்கில் சுற்றிக் கையோடு எடுத்துவந்தேன். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கும் மேல். வழியெல்லாம் சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த அன்றைக்கே, மேற்குப் பார்த்த பால்கனியில் நட்டேன். ரயிலில் வாடாத செடிகள் ஐந்தே நாளில் கருகிப்போயின.

"தண்ணி ஊத்தலையாடி?" என்று போனில் கேட்டாள் அம்மா. காலையும் மாலையும் ஊற்றியிருந்தேன். நான் தவறவிட்டது மாதத்தை. மே கடைசியில் தில்லி வெயில் 45 டிகிரியைத் தொடும். மேற்கிலிருந்து 'லூ' என்கிற அனல்காற்று வீசும். அந்தக் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வேகத்துக்கு, புதிதாக நட்ட செடியின் நாலு வேர் ஈடுகொடுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை காய்ந்துவிடும்.

இருபத்தோரு வருஷமாக இங்கே செடி வளர்க்கிறேன். என் தொட்டிகளில் செத்தவற்றுக்கெல்லாம் காரணம் தேடிப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் போய் நிற்கிறது. மனசு இன்னும் ஊர்ப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கிறது.

ஆடியும் ஐப்பசியும் இங்கே வேறு

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊரில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆடியில் விதைத்தது வேர் ஊன்றி நிற்கும்போது ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்து சேரும். தில்லியில் பருவமழை வழக்கமாக ஜூன் 27 வாக்கில் தொடங்கி, செப்டம்பர் 25 வாக்கில் விலகிவிடும். ஐப்பசியில் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும், காற்றில் குளிர் ஏறும்.

ஆடியில் இங்கே விதைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வெண்டை, சுரை, புடலை, காராமணி எல்லாம் நன்றாகவே வரும். தக்காளியை மட்டும் அப்போது விதைக்கக் கூடாது. ஜூலை மழையில் தக்காளி நாற்று அடித்தண்டு அழுகிச் சாயும். மூன்று வருஷம் தொடர்ந்து சாயவிட்ட பிறகே ஆகஸ்ட் கடைசியில் விதை தூவி அக்டோபரில் நடப் பழகினேன். அதிலும் ஒரு பொறி உண்டு. டிசம்பர், ஜனவரியில் தக்காளி பூக்கும், ஆனால் இரவுக் குளிரில் பூவெல்லாம் உதிரும். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் அள்ளிப் போடாதீர்கள். பிப்ரவரி பாதியில் இரவு கொஞ்சம் சூடானதும் காய் தானாகப் பிடிக்கும். ஏப்ரலில் வெயில் ஏறியதும் மறுபடி நின்றுவிடும். அந்த இரண்டு மாதம்தான் அறுவடை.

கீரையிலும் இதே குழப்பம். முளைக்கீரைக்கும் அரைக்கீரைக்கும் சூடு வேண்டும். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை எப்போது தூவினாலும் வரும், நவம்பரில் தூவினால் ரெண்டு இலையோடு நின்றுவிடும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக், முள்ளங்கிக்கு அக்டோபர். கொத்தமல்லியை ஏப்ரலில் போட்டுவிட்டு, இலை வருமுன்னே பூத்துவிட்டது என்று வருந்துகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

வெயில் விழும் திசையும் ஊரைப் போல இல்லை. மார்கழி நடுப்பகலில் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தில்லியில் 38 டிகிரிதான். தெற்குப் பால்கனியில் அது உள்ளறை வரை நீளும். வடக்குப் பால்கனிக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை நேர் வெயில் ஒரு துளிகூடக் கிடையாது. ஜூனில் பார்த்து முடிவு செய்த இடத்தில் டிசம்பர் நாற்றை வைப்பது பெரிய தப்பு. வருஷத்துக்கு இரண்டு தடவை, தீபாவளி சமயமும் ஹோலி சமயமும், தொட்டிகளை இடம் மாற்றுங்கள்.

கறிவேப்பிலையைக் கொல்வது அன்புதான்

தில்லித் தமிழ் வீடுகளில் கறிவேப்பிலை சாகாத வீட்டை நான் பார்த்ததில்லை. நர்சரியில் 'மீட்டா நீம்' என்று கேட்டு வாங்கி, மழைக்காலமெல்லாம் தழைத்து, சாம்பாருக்குக் கிள்ளிப் போட்டுச் சந்தோஷப்பட்டிருப்போம். டிசம்பர் பிறந்ததும் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். பதைத்துப்போய்த் தண்ணீரைக் கூட்டுவோம், புளித்த மோர் ஊற்றுவோம், மண்புழு உரம் போடுவோம். ஜனவரி முடியும்போது தண்டு கறுத்து நிற்கும். என் முதல் இரண்டு செடியும் இப்படித்தான் போயின.

கறிவேப்பிலை வெப்பமண்டலச் செடி. இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்குகிறது. உறங்கும் வேர் தண்ணீர் குடிக்காது. நாம் ஊற்றியது தொட்டியிலேயே தேங்கி, வேரை அழுகவைக்கிறது. ஊரில் வருஷம் முழுக்கத் துளிர்க்கிற செடியைப் பார்த்த கண்ணுக்கு இந்த உறக்கம் சாவாகத் தெரிகிறது.

டிசம்பர் பிறந்ததும் விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள், அதுவும் காலையில். பத்து, பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை போதும். உரம், மோர், கிளை வெட்டும் கவாத்து எதுவும் வேண்டாம். தெற்குச் சுவரை ஒட்டி வையுங்கள். கடுங்குளிர் இரவுகளில் பழைய வேட்டியால் மூடிவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் மொட்டைக் கிளையில் செந்துளிர் வரும். அப்போது நுனி கிள்ளுங்கள், தொழுஉரம் போடுங்கள், மோரையும் ஊற்றுங்கள். சென்ற வருஷம் மேல் வீட்டு மாமி ஜனவரியில் தன் செடியைப் பிடுங்கிப் போடப் போனார். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சை. "பாவம், தூங்கிண்டிருந்ததா!" என்றார். ஏப்ரலில் அவர் எனக்கே ஒரு கொத்து அனுப்பிவைத்தார். கறிவேப்பிலையைப் பிடுங்குமுன் கீறிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மல்லிக்கும் செம்பருத்திக்கும் இதே உறக்கம் உண்டு. மல்லியை ஊரில் கார்த்திகை, மார்கழியில் கவாத்துச் செய்வார்கள். இங்கே அப்போது வெட்டினால் வெட்டின இடத்தில் துளிர்க்க வழியில்லாமல் கிளை பின்னோக்கிக் காயும். பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை கத்தரியைத் தொடாதீர்கள்.

தண்ணீர்

கோடையில் மத்தியானம் செடி துவண்டு கிடந்தால் மனசு கேட்காது. குழாயைத் திறந்து அப்படியே ஊற்றிவிடுவோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பகல் முழுக்கச் சூடேறிய அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. வெந்நீரை வேரில் ஊற்றுகிறோம். நான் இரவே இரண்டு பக்கெட் பிடித்து வைத்துவிட்டு, காலை ஆறு மணிக்குள் ஊற்றுகிறேன். மண்மேல் காய்ந்த இலையோ கரும்புச் சக்கையோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் மாலை வரை தாங்கும்.

குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியின் கழிவுநீர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீணாகிறதே என்று அந்த நீரைச் செடிக்கு விடுவது தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்களின் நல்ல எண்ணம். ஆனால் ஒரு பங்கு குடிநீர் பிரிந்தபின் மூன்று பங்கு வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு பங்கிலிருந்த உப்பு முழுக்க அந்த மூன்று பங்கில் இருக்கிறது. உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கங்கைக் கால்வாய் நீர் சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையம் வழியாக வருகிற பகுதிகளில் இதனால் பெரிய கேடில்லை. போர்வெல் கலந்து வருகிற குடியிருப்புகளில் செடி தாங்காது. தொட்டியின் விளிம்பிலும் மண்மேலும் வெள்ளையாகப் பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் அந்த நீரைத் தரை துடைக்க வைத்துக்கொண்டு, மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரை அடித் துளை வழியாக ஓட ஓட ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஜூலையில் மழை இதைக் கூலி இல்லாமல் செய்துதரும். அந்த மாதம் தொட்டிகளைக் கூரைக்கடியில் ஒளித்துவைக்காதீர்கள்.

இட்லிப்பூச் செடியில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் அதுவும் இந்தத் தண்ணீரின் வேலைதான். காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்புச்சத்து கரையாமல் சிக்கிக்கொள்கிறது. யூரியா போட்டால் தீராது. செடி உறிஞ்சக்கூடிய வடிவில் இரும்பு இருக்கும் 'இரும்புக் கீலேட்' வாங்கிக் கரைத்து விடுங்கள்.

வாங்கின செடி ஏன் நிற்கவில்லை?

பூவும் மொட்டுமாக வாங்கின செடி மூன்றாம் மாதம் போய்விடுகிறது. இங்கே நர்சரிகளில் பல செடிகள் பசைக் களிமண் உருண்டையில்தான் வருகின்றன. தூக்கிச் செல்லும்போது உடையாமல் இருக்க அது வசதி. நாம் உருண்டையை அப்படியே நல்ல மண்ணுக்குள் புதைக்கிறோம். சுற்றிலும் பொலபொலவென்று மண், நடுவில் கல் மாதிரி களி. ஊற்றின தண்ணீர் சுற்றி வழிந்து ஓடிவிடும், களி ஒருமுறை காய்ந்தால் மறுபடி நனையாது. நடுவதற்கு முன் உருண்டையைப் பக்கெட் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்கக் களியை மூன்றில் ஒரு பங்கு மட்டும் விரலால் மெல்லக் கரைத்தெடுங்கள். முழுக்க உதிர்த்தால் மென்வேர் எல்லாம் அறும். பிப்ரவரியிலும் மழைக்காலத்திலும் மட்டும் இதைச் செய்யுங்கள்.

புதுச் சாணத்தை நேரே தொட்டியில் போடாதீர்கள், மக்கும்போது சூடேறி வேரைச் சுடும், வெள்ளைப் புழுவும் வரும். கடுகுப் புண்ணாக்கை நாலு நாள் ஊறவைத்தால் மட்டும் போதாது. பத்து மடங்கு நீர் கலந்து, டீத் தண்ணீர் நிறத்துக்கு வந்தபின் ஊற்ற வேண்டும். மே, ஜூனில் கூடவே கூடாது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு, சூரியன் சாய்ந்தபின் மட்டும். நவம்பர் புகையில் இலைமேல் படியும் கரியை வாரம் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்காதீர்கள். மே மாதத்து 'ஆந்தி' என்கிற புழுதிப் புயல் பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிடும். இருபது லிட்டர்ப் பையில் நனைந்த மண் 30 கிலோவைத் தொடும். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். தரைத்தள வீட்டுக்காரர்கள் சுவரோரம் ஆசையாக முருங்கை நடுவதற்கு முன் யோசியுங்கள். அதன் கிளை ஆந்தியில் முறியும், மரமானபின் வெட்ட 1994-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015-இல் தில்லியில் 15,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. எங்கள் குடியிருப்பில் அந்த வருஷம் காய்ச்சல் நுழையாத படிக்கட்டு இல்லை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஜூலை முதல் நவம்பர் வரை தட்டுகளையே எடுத்துவிடுகிறேன்.

கோடையில் ஊருக்குப் போகும்போது செடிகளைப் பால்கனியில் அப்படியே விட்டுப் போகாதீர்கள். வெளிச்சம் வருகிற அறைக்குள் கொண்டுபோய் நெருக்கி வையுங்கள், நெருங்கி நின்றால் ஒன்றின் ஈரம் இன்னொன்றைக் காக்கும். ஒரு மாதம் என்றால் சாவியை யாரிடமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மல்லிப் பதியனை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை எடுத்துவந்தேன், ஆகஸ்டில். முதல் பத்து நாள் பால்கனியில் வைக்காமல் சமையலறை ஜன்னலோரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்தேன். புதுக் கொழுந்து இரண்டு ஜோடி வந்தபின் கிழக்கு மூலைக்கு மாற்றினேன். குளிர்காலம் முழுக்க மொட்டையாக நின்றது. அடுத்த மார்ச் கடைசியில் ஏழு மொட்டு.