அறுபதுகளின் ஹ்யூகோ, நெபுலா நாவல்கள்: வாசகர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க அறிவியல் புனைகதை 1960களில் வெகுவாக உருமாறியது. அதை வாசிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஹ்யூகோ, நெபுலா விருதுப் பட்டியல்களைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். எடுக்கலாம், தப்பில்லை. அவற்றை வாசிக்கும் விதத்தில்தான் சிக்கல்.

ஆண்டுக் குழப்பம் சின்ன விஷயம், ஆனால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். ஹ்யூகோவுக்கு விழா நடந்த ஆண்டைச் சொல்வது வழக்கம். நெபுலாவுக்கு நூல் வெளிவந்த ஆண்டு. அதனால்தான் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘ட்யூன்’ 1965 நெபுலாவிலும் 1966 ஹ்யூகோவிலும் இருக்கிறது. இரண்டும் வழங்கப்பட்டது 1966இல்தான்.

அடுத்தது, இரண்டு விருதுகளையும் ஒன்றாக நினைப்பது. ஹ்யூகோவுக்கு ஓட்டுப் போடுவது உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது ரசிகர்கள். நெபுலா, 1965இல் தொடங்கிய அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் விருது. 1966இல் வந்த படைப்புகளையே பாருங்கள்: ரசிகர்கள் ராபர்ட் ஹைன்லைனின் ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ நாவலைத் தேர்ந்தார்கள். எழுத்தாளர்களோ, இருபதுகளில் இருந்த கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலானியின் ‘பாபேல்-17’க்கும் டேனியல் கீஸின் ‘ஃபிளவர்ஸ் ஃபார் ஆல்ஜெர்னன்’ நாவலுக்கும் விருதைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஹ்யூகோ வாங்கியது என்று சொல்லி இந்த ஆல்ஜெர்னன் நாவலைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. 1960இல் ஹ்யூகோ வாங்கியது அதே தலைப்பிலான சிறுகதை. என் கணக்கில் இரண்டில் சிறந்ததும் அதுதான்.

பெரிய தவறு, அந்தப் பத்தாண்டு முழுக்கக் கலகக்காரர்களுடையது என்று நம்புவது. 1960இல் ஹ்யூகோ வென்றது ராணுவ வாழ்வைக் கொண்டாடும் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’. 1970இல் வென்றது, நிலையான ஆண்-பெண் பேதமே இல்லாத உலகைக் காட்டிய அர்சுலா லெ குவின்னின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’. பழையவர்கள் போய்ப் புதியவர்கள் வந்தார்கள் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. 1968 ஜூன் ‘கேலக்ஸி’ இதழில் வியட்நாம் போரை ஆதரித்தும் எதிர்த்தும் எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட இரண்டு விளம்பரங்கள் வந்தன. ஆதரவில் ஹைன்லைன், எதிர்ப்பில் லெ குவின். ஒரே இதழில்தான் இரு தரப்பும் இருந்தது. இன்னொரு பக்கம், லண்டனில் மைக்கேல் மூர்காக் நடத்திய ‘நியூ வேர்ல்ட்ஸ்’ இதழ், பழைய பாணியை உடைத்து எழுதிய ‘புதிய அலை’ இயக்கத்துக்கே மையம். அதன் முக்கிய எழுத்தாளர் ஜே. ஜி. பல்லார்டு ஹ்யூகோவும் வெல்லவில்லை, நெபுலாவும் வெல்லவில்லை.

வென்றவற்றோடு நிறுத்திக்கொள்வதும் நஷ்டம்தான். 1964இல் கிளிஃபோர்டு சைமாக்கின் ‘வே ஸ்டேஷன்’ ஹ்யூகோ வென்றபோது தோற்றவற்றில் கர்ட் வானகட்டின் ‘கேட்ஸ் கிரேடில்’ இருந்தது. ‘ட்யூன்’ நாவலின் தொடர்கதை வடிவத்தின் முதல் பகுதியும் இருந்தது! போலந்தில் 1961இல் வெளியான ஸ்தானிஸ்வாவ் லெம்மின் ‘சோலாரிஸ்’ அந்தப் பத்தாண்டின் எந்த ஹ்யூகோ பட்டியலிலும் இல்லை. அதன் ஆங்கிலப் பதிப்பே 1970இல்தான் வந்தது.

அப்புறம், நாவல் வரிசையை மட்டும் பார்த்தால், ஹ்யூகோ வென்ற முதல் பெண் லெ குவின் என்று தோன்றும். இல்லை, 1968இலேயே ஆன் மெக்காஃப்ரி குறுநாவலுக்காக வாங்கிவிட்டார். எனவே குறுநாவல், சிறுகதைப் பிரிவுகளையும் புரட்டுங்கள். எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஆல்ஜெர்னன் சிறுகதை. ஒரே மாலையில் முடித்துவிடலாம்.