பூட்டிக்கிடக்கும் விடுமுறை வீட்டைத் திறப்பவர்கள் செய்யும் தவறுகள்

சுற்றுலா ஊர்களில் வருஷத்தில் பாதிக்கு மேல் பூட்டிக்கிடக்கும் வீடுகளில் ஆளைக் குடிவைப்பதுதான் என் வேலை. இதற்குப் புதிதாக வந்த இரண்டு பேர் போன மாதம் தாங்கள் எழுதிய வாடகை ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார்கள். பல வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே வரி அதில் இருந்தது. மனசு பதறிவிட்டது. தூசி தட்டாதது, போட்டோ சரியாக எடுக்காதது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

உரிமையாளரின் நாள்களைக் குறிக்காமல் விடுவது

அந்த வரி இதுதான்: ‘முன்கூட்டித் தெரிவித்துவிட்டு உரிமையாளர் வீட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.’ படிக்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் எந்த நாள் என்று அதில் இல்லை.

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலை ஊர்களில், வருஷத்துக்கு 4 வாரம்கூட ஆள் படுக்காத படுக்கையைக் ‘குளிர்ந்த படுக்கை’ என்கிறார்கள். ஆள் கிடைக்காததால் படுக்கை குளிர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதே ஊர்களில் ஓட்டல் ஊழியரும் ஆசிரியரும் வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். உரிமையாளர் வருவது 15 நாள் என்று வையுங்கள். எந்த 15 நாள் என்று சொல்லாததால் 365 நாளும் அவருக்காகவே காத்துக்கிடக்கின்றன.

நான் எழுதிய அந்த வரி ஒரு மலை ஊர் வீட்டுக்கானது. பெற்றோர் விட்டுப்போன வீடு, நான்கு பிள்ளைகளுக்கும் பங்கு. ஒரு நர்ஸைக் குடிவைத்தேன். மூன்றாவது மாதம், இரவு பத்தரை மணிக்கு, இரண்டாவது மகன் மனைவி குழந்தைகளோடு வந்து தன் சாவியால் கதவைத் திறந்துவிட்டார். அவர் கணக்கில் அது தவறே இல்லை. பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது, அக்காவுக்கும் மெசேஜ் போட்டிருந்தார். அவருக்கு அதுதான் ‘முன்கூட்டித் தெரிவிப்பது’. முந்தின இரவு ட்யூட்டி பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண், பூட்டில் சாவி திரும்பும் சத்தத்தில் எழுந்து, கையில் போனைப் பிடித்தபடி அறை வாசலில் நின்றிருக்கிறார். மறுநாள் என்னிடம் பேசும்போதும் அவர் குரல் நடுங்கியது.

இரண்டு வாரத்தில் காலி செய்துவிட்டார். வீட்டை மறுபடி பூட்டினார்கள். அடுத்த மழைக்குக் கதவு ஊதித் திறக்க முடியாமல் போனது. இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாடகைக்கு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அதே தெருவின் மூன்று வீட்டுக்காரர்களும் பின்வாங்கிவிட்டார்கள். ஒரே வரியால் நான்கு வீடு போனது. இன்று வரை எனக்கு ஆறவில்லை.

இப்போது சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் காலண்டரை விரிக்கிறேன். அடுத்த 12 மாதத்தில் உரிமையாளர்கள் வரும் நாள்களை வட்டம் போட்டுக் குறித்து, பங்குதாரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். அப்புறம் பூட்டையே மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தேதி சொல்ல மாட்டோம் என்றால் அந்த வீட்டை நான் எடுப்பதில்லை.

சீசன் நாள்களை வைத்துக்கொண்டு சீசன் ஊழியரைத் தேடுவது

உரிமையாளர் வர விரும்பும் அதே வாரங்களில்தான் ஓட்டல் ஊழியருக்கும் வீடு வேண்டும். சீசனை விட்டுத்தர மனமில்லையா, சரி, கல்வியாண்டு முடிந்ததும் ஊருக்குப் போகும் மாணவரையோ ஆசிரியரையோ பாருங்கள்.

பக்கத்து ஊர்ச் சட்டத்தை நம்புவது

சுவிட்சர்லாந்தில் 2012 வாக்கெடுப்புக்குப் பிறகு, இரண்டாம் வீடுகள் (நிரந்தரமாகக் குடியிருக்காமல் விடுமுறைக்கென்று வைத்திருப்பவை) 20 சதவீதத்தைத் தாண்டிய ஊர்களில் புதிதாக அப்படிப்பட்ட வீடு கட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு. பிரிட்டனின் வேல்ஸில் ஏப்ரல் 2023-இல் வந்த விதிப்படி, வரிக்காக ஒரு வீட்டை விடுமுறை விடுதியாகக் கணக்கில் எடுக்க அது வருஷத்துக்கு 182 நாளாவது உண்மையிலேயே வாடகைக்குப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அது வீட்டு வரிக்குள் வந்துவிடும்; இரண்டாம் வீட்டுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் வரி போடவும் அங்குள்ள கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் வீடு இருக்கும் ஊரின் விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். குடியிருப்புச் சங்கத்தின் விதியையும் சேர்த்து.

இன்சூரன்ஸ்

சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியை நம்பி யாரையும் குடிவைக்காதீர்கள்.

தேங்கிய தண்ணீரில் குளிக்க வைப்பது

மாதக்கணக்கில் குழாயில் வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். ஷவரின் நுண்துளிகளோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். ஆள் வருவதற்கு முன்பே ஜன்னல்களைத் திறந்து, ஷவர் தலையைக் கழற்றி, எல்லாக் குழாயையும் ஓடவிடுங்கள். குளியலறை நாறினால் பெரும்பாலும் சாக்கடைக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் போதும், பிளம்பர் வேண்டாம்.

பூட்டிய அலமாரிகள்

உரிமையாளரின் சாமானுக்கு ஒன்று இருக்கலாம். அறைக்கு அறை பூட்டு தொங்கினால், குடிவந்தவர் கடைசி வரை பெட்டியைப் பிரிக்க மாட்டார்.