சிறுநீரக டிபி: ஆபரேஷன் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

யூரின் ரிப்போர்ட்டில் சீழ் செல்கள் நிறைய இருக்கும். கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கிருமி எதுவும் வளர்ந்திருக்காது. நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிச் சாப்பிட்டே மாதங்கள் ஓடிவிடும். சாதாரண கல்ச்சரில் டிபி கிருமி வளராது. அதற்கென்று தனி டெஸ்ட் உண்டு. காலையில் முதலில் போகும் சிறுநீரை மூன்று நாளாவது கொடுக்க வேண்டும்.

டிபி என்று தெரிந்ததும் சிலர், "கெட்டுப்போன கிட்னியை எடுத்துடுங்க டாக்டர்" என்பார்கள். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டிபி மருந்து வரும்வரை பெரும்பாலும் அதுதான் வழி. இன்று மாத்திரைதான் முதல் வைத்தியம், வழக்கமாக 6 மாதம். வேலை செய்யாத கிட்னியில் சீழ் கோத்துக்கொண்டாலோ, அதனால் பிபி அடங்காமல் போனாலோ எடுப்பது உண்டு. அதையும் அவசரமில்லை என்றால் 4 முதல் 6 வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகே செய்வார்கள்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு இதற்கு நேர் எதிரானது. மாத்திரை ஆரம்பித்தாச்சு, உடம்பும் தேறிவிட்டது, இனி ஸ்கேன் எதற்கு என்று விட்டுவிடுவது. தீப்புண் ஆறும்போது தோல் இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாயிலும் அதே கதைதான். புண் ஆற ஆறத் தழும்பு சுருங்கி வழி அடைபடும், பெரும்பாலும் பைக்குள் நுழையும் கீழ்முனையில். வலிகூட இல்லாமல் கிட்னி வீங்கிக்கொண்டே போகும். கிருமி செத்த பிறகும் கிட்னி போவது இப்படித்தான். வைத்தியம் நடக்கும்போதே அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் வீக்கம் ஆரம்பத்திலேயே தெரியும். குழாய்க்குள் ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் மெல்லிய டியூப்) வைத்தோ, முதுகு வழியாகக் கிட்னிக்குள் டியூப் போட்டுச் சிறுநீரை வடித்தோ காப்பாற்றப் பார்க்கலாம். அப்புறம், வைத்த ஸ்டென்டை மறந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். நாள் கடந்தால் அதன்மேலேயே கல் படியும்.

இதே தழும்பால் சிறுநீர்ப்பையும் சுருங்கி 100 மில்லிகூடப் பிடிக்காமல் போனால் ராத்திரி தூக்கமே போய்விடும். அந்த அளவுக்குச் சுருங்கிய பையை மாத்திரை விரித்துத் தராது. குடலில் ஒரு துண்டை எடுத்துப் பையோடு தைத்துப் பெரிதாக்குவார்கள். ஆனால் எங்கே தைத்தாலும் குடல் குடல்தான்; சளி சுரக்கும், சிறுநீரில் இழை இழையாக வரும். சிலர் தாங்களே டியூப் விட்டு வடிக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன்தான் முடிந்ததே என்று மீதி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.