ராக் பாஸ்பேட் இடுவதற்கு முன் மண்ணைக் கேளுங்கள்

ராக் பாஸ்பேட் என்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள பாறையை வெட்டியெடுத்து மாவாக அரைத்த உரம், அவ்வளவுதான். சூப்பர் பாஸ்பேட்டும் இதே பாறைதான். ஆனால் அதைக் கந்தக அமிலம் விட்டு ஆலையிலேயே கரையும்படி செய்துவிடுகிறார்கள். ராக் பாஸ்பேட்டில் அந்த வேலையை உங்கள் மண்ணின் அமிலம்தான் செய்ய வேண்டும்.

படி 1: மண் பரிசோதனை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பி.எச். என்பது மண்ணின் அமிலத்தைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம். அது 5.5க்குக் கீழே இருந்தால் தாராளமாக இடலாம். 6.5க்கு மேலே போனால் கரைவது மிகக் குறைவு. கல் கல்லாகவே கிடக்கும். முடிவு வரும்வரை பொறுமை இல்லையென்றால், ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் சில சொட்டு விடுங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண். ராக் பாஸ்பேட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். ஆனால் நுரைக்காததாலேயே அது அமில மண் ஆகிவிடாது, அதற்குப் பரிசோதனைதான்.

படி 2: மாவும் அளவும்

இரு விரலுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் போல வழுக்க வேண்டும். நறநறத்தால் கரைய இன்னும் காலம் பிடிக்கும். அப்புறம் மூட்டையில் மணிச்சத்து எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 20 சதவீதம் என்றால், 60 கிலோ மணிச்சத்துக்கு 300 கிலோ மாவு வேண்டும்.

படி 3: தூவி உழுதல்

சூப்பர் பாஸ்பேட்டை வேரோரம் கோடாக இடுவோம். இதற்கு நேர்மாறு: நிலம் முழுக்கத் தூவி, உடனே உழுது கலந்துவிட வேண்டும். எத்தனை மண்துகள் ஒட்டுகிறதோ அத்தனை கரையும். விதைப்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். நெல் வயலில் தண்ணீர் கட்டுவதற்கு முன்பே இடுவது முக்கியம். தண்ணீர் நின்றால் மண்ணின் அமிலம் தணிந்துவிடும். காற்றில்லாத நேரமாகப் பார்த்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூவுங்கள்.

படி 4: கூட்டாளிகள்

தொழு உரம் மட்கும்போதே அதில் மாவைக் கலந்து வைத்தால், அதில் உண்டாகும் அமிலங்கள் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும். மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவும் சேர்க்கலாம். சுண்ணாம்பை மட்டும் இதோடு சேர்த்து இடாதீர்கள், அது அமிலத்தைத் தின்றுவிடும்.

கீரை போன்ற குறுகிய காலப் பயிருக்கு இதை நம்ப வேண்டாம். மர வகைகளுக்கும், வேரில் அமிலம் சுரக்கும் பயறு வகைகளுக்கும் நன்றாக ஒத்துவரும். முதல் பருவத்தில் இளம் மக்காச்சோள இலையோரம் ஊதாவாக மாறினால் மணிச்சத்து போதவில்லை என்று சந்தேகப்படலாம். குளிரிலும் அப்படி நிறம் மாறும் என்பதால் அதையும் பாருங்கள். குளிர் இல்லையென்றால், அடுத்த விதைப்பில் அடியுரமாகக் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் சேர்த்துக்கொள்ளுங்கள்.