பல வருடம் கழித்து மறுபடி சிறு விமானம் ஓட்டப் போகிறீர்களா?

முதலில் மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். அதற்கு முன்பே பயிற்சிக்குப் பணம் கட்டினால் வீணாகலாம்.

விமானத்தைப் பிடித்து ஓட்டும் கைப்பழக்கம் பெரும்பாலும் சீக்கிரமே திரும்பிவிடும். மறந்துபோவது செக்லிஸ்ட் வரிசை, ரேடியோ பேச்சு, எந்தக் கட்டத்தில் என்ன வேகம் என்பதெல்லாம்தான். இதற்குப் பறக்கவே வேண்டாம். அனுமதி வாங்கிக்கொண்டு, நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தில் செக்லிஸ்ட்டோடு உட்காருங்கள். ஒவ்வொரு ஸ்விட்சையும் விரலால் காட்டி (போட்டுவிடாதீர்கள்!) வாய்விட்டுச் சொல்லுங்கள். புறப்பட்டவுடன் என்ஜின் நின்றால் செய்யவேண்டியதையும் அங்கேயே ஒத்திகை பாருங்கள்: உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும், ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசையை அடக்கி முன்னால் தெரியும் இடத்தில் இறங்க வேண்டும்.

அப்புறம் பயிற்றுநரோடு பறக்கும்போது, ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), பக்கக்காற்றுத் தரையிறக்கம் எல்லாம் கேட்டுச் செய்யுங்கள். கோ-அரவுண்டை (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவதை) மட்டும் கூடுதலாகவே கேளுங்கள். இறங்குவதற்காக டிரிம் (கையால் அழுத்திக்கொண்டே இருக்காமல் மூக்கின் நிலையைத் தக்கவைக்கும் அமைப்பு) வைத்த விமானத்தில் முழு பவர் கொடுத்தால் மூக்கு சட்டென்று எழும்பும், பெரும்பாலான ஒற்றை என்ஜின் விமானங்கள் இடப்பக்கம் இழுக்கும். மூக்கை அழுத்திப் பிடித்து, வலது ரடர் (வால் சுக்கான்) கொடுத்து, ஃபிளாப்ஸை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்புகளை) படிப்படியாக எடுக்க வேண்டும். பழக்கம் விட்டவர்கள் திணறும் இடம் இது.

பயணிகளை ஏற்ற, கடந்த 90 நாளில் 3 முறை விமானத்தைக் கிளப்பி இறக்கியிருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. நீண்ட இடைவெளிக்குப் பிறகு அந்த மூன்று போதாது என்பேன்.