வங்கியின் பெயரில் வரும் போலி மின்னஞ்சலை இனங்காண்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர், சென்ற வாரம் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, கேஒய்சி பண்ணலேன்னா இன்னைக்கு ராத்திரியே அக்கவுண்ட்ட முடக்கிருவாங்களாம், பாருப்பா" என்றார். கேஒய்சி என்பது வாடிக்கையாளரின் அடையாள விவரங்களை வங்கி சரிபார்ப்பது. வங்கியின் பெயரில் வந்திருந்த அந்த மின்னஞ்சலில் சின்னமும் நிறமும் அச்சு அசலாக இருந்தன. நாங்கள் இருவரும் அந்த மின்னஞ்சலைச் சோதித்த வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

முதலில், அனுப்புநர் பெயரைத் தட்டி முழு மின்னஞ்சல் முகவரியையும் பாருங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அது எதற்கும் சான்றாகாது.

அடுத்த படியில்தான் நிதானம் தேவை. ‘இங்கே அழுத்தவும்’ என்ற பொத்தானைத் தட்டிவிடாதீர்கள். கணினியில் மவுஸ் அம்பை அதன்மேல் நிறுத்தினாலே, அது எந்தத் தளத்துக்குப் போகிறது என்பது திரையின் கீழ் மூலையில் தெரியும். அண்ணாச்சிக்கு வந்ததைக் கடைக் கணினியில் திறந்து பார்த்தபோது, ‘பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.காம்’ என்றிருந்தது. இடமிருந்து படிக்கிற கண்ணுக்கு முதலில் ‘பேங்க்’ படுவதால் ஏமாந்துபோகிறோம். ஆனால் முகவரியின் உரிமையாளர் யார் என்பதை, ‘https://’-க்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னுள்ள தளப்பெயரின் வால்பகுதியே சொல்லும். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தம் இணையதளங்களை ‘.பேங்க்.இன்’ (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டுமென ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. அதே சொற்கள் நடுவில் வந்து, அந்த வாலில் வேறொன்று இருந்தால் அது போலிதான்.

ஓடிபி, பின் எண் (PIN), கடவுச்சொல் ஆகியவற்றில் எதைக் கேட்டாலும், மேற்கொண்டு சோதிக்காமல் விட்டுவிடுங்கள். இணைப்புக் கோப்பையும் திறக்க வேண்டாம்.

அனுப்புநர் முகவரியையே போலியாகக் காட்டவும் வழி உண்டு என்பதால், எல்லாம் சரியாகத் தோன்றினாலும் மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காமல், டெபிட் கார்டின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணையே அழையுங்கள். அண்ணாச்சி அப்படிக் கேட்டபோது, அவருடைய கேஒய்சியில் நிலுவை எதுவும் இல்லை என்றார்கள்.

விவரங்களை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? தயவுசெய்து வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டாரிடம் மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும், இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் தகவல் போனால், அதை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. மேலும், 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரே விவரங்களைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை ஏற்படும் இழப்பு அவருடையது. புகாருக்குப் பின் நிகழ்வது வங்கியின் பொறுப்பு. ஆகவே புகார் எண்ணையும் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.